மானின் பெயர்… மல்லுக்கட்டும் என்ஜின்! 'ட்ரையம்ப் ஸ்டேக்' காரைக் கைவிடாதவர்களின் கதை

வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரின் துணிக்கூரையை மடித்துப் பின்னால் வைத்தாயிற்று. முன்சீட்டில் அப்பா, அம்மா. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். கடற்கரைக்குப் போகும் சாலை. கேட்கவே இனிமையான வி-8 என்ஜினின் உறுமல்.

வழியில் டிராஃபிக் ஜாம். வண்டி நத்தையாக நகர்கிறது. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் மெதுவாக மேலே ஏறுகிறது. அப்பா அதைக் கவனித்து வண்டியை ஓரங்கட்டுவதற்குள், பானெட்டின் இடுக்கிலிருந்து குபுகுபுவென வெள்ளை ஆவி!

1970-களில் பிரிட்டன் சாலைகளில் 'ட்ரையம்ப் ஸ்டேக்' வாங்கியவர்களில் பலருக்கு இது பழகிப்போன காட்சி. ஸ்டேக் என்றால் ஆண் மான். கிண்டல்காரர்கள் ஒரே ஓர் எழுத்தை மாற்றி 'ஸ்னாக்' என்றார்கள். ஸ்னாக் என்றால் கோளாறு!

உலகின் மோசமான 50 கார்கள் என்று 2007-ல் 'டைம்' இதழ் வெளியிட்ட பட்டியலிலும் இந்த காருக்கு இடம் கிடைத்தது. ஆனாலும், கார் தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டு ஆகப்போகும் இந்த நேரத்தில், ஆயிரக்கணக்கான ஸ்டேக் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதுவும் பல கார்கள், 'உருப்படாது' என்று எல்லோரும் கைவிட்ட அதே ஒரிஜினல் என்ஜினோடு!

எப்படி நடந்தது இது? அந்த என்ஜினுக்கு அப்படி என்னதான் நோய்? பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டு வாசலில் எந்த கார் நின்றாலும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

நண்பர்கள் போட்ட ஒப்பந்தம்

1960-களின் நடுப்பகுதி. இத்தாலியைச் சேர்ந்த கார் டிசைனர் ஜியோவானி மிக்கலோட்டி, ட்ரையம்ப் நிறுவனத்தின் தலைமை இன்ஜினீயர் ஹாரி வெப்ஸ்டரின் நெருங்கிய நண்பர். ஒரு கண்காட்சிக்காகப் புதுமையான கார் ஒன்றைச் செய்து பார்க்க ஆசைப்பட்ட மிக்கலோட்டி, பழைய 'ட்ரையம்ப் 2000' கார் ஒன்றைத் தரும்படி நண்பரிடம் கேட்டார்.

"தருகிறேன். ஆனால், நீ செய்வது எனக்குப் பிடித்துவிட்டால் அதை நாங்களே எடுத்துக்கொள்வோம்" என்பதுதான் வெப்ஸ்டரின் நிபந்தனை. மிக்கலோட்டி அந்த காரை வெட்டி, இழைத்து, கூரையைத் திறக்கக்கூடிய நான்கு சீட்டர் காராக மாற்றினார். வெப்ஸ்டருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அதுதான் ஸ்டேக்!

மிக்கலோட்டி என்ற பெயர் நம்மூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால், அவர் டிசைன் செய்த ஒரு காரை நம் தாத்தாக்கள் நன்றாக அறிவார்கள். சென்னையை அடுத்த பெருங்களத்தூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1961-லிருந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார்களைத் தயாரித்தது நினைவிருக்கிறதா? அந்த ஹெரால்டு, பிரிட்டனில் 1959-ல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். டிசைன், அதே மிக்கலோட்டி. பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். அந்த வகையில் ஸ்டேக், நம்மூர் ஹெரால்டுக்குப் பணக்கார ஒன்றுவிட்ட தம்பி!

1970 ஜூனில் ஸ்டேக் விற்பனைக்கு வந்தது. கூரையைத் திறந்தால் காரின் உடல் ஆட்டம் காணாமல் இருக்கவும், வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கவும், தலைக்கு மேலே 'டி' வடிவில் ஓர் இரும்புச் சட்டம். குடும்பத்தோடு போகக்கூடிய ஓப்பன் ஸ்போர்ட்ஸ் கார் என்பது அந்தக் காலத்தில் அபூர்வம். 1971-ல் வந்த 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில், ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரி ஓட்டுவதும் ஒரு மஞ்சள் நிற ஸ்டேக்தான்.

அழகு இருந்தது. ஆள் மயக்கும் சத்தம் இருந்தது. பிரச்னை முழுக்க பானெட்டுக்குக் கீழே இருந்தது.

சொந்த என்ஜின்தான் வேண்டும்!

ஸ்டேக்கின் என்ஜின், ட்ரையம்ப் தானே உருவாக்கிய 2,997 சிசி வி-8. அதாவது, பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள், 'வி' வடிவத்தில். 145 குதிரைத்திறன். ட்ரையம்ப் அதே காலத்தில் ஒரு நான்கு சிலிண்டர் சாய்வு என்ஜினையும் உருவாக்கியிருந்தது. ஸ்வீடன் நாட்டு 'சாப் 99' காருக்கும் அதை சப்ளை செய்தது. அப்படிப்பட்ட இரண்டு நான்கு சிலிண்டர்களை ஒன்றாகச் சேர்த்ததுபோல இருக்கும், இந்த வி-8.

முதலில் 2.5 லிட்டர் என்ஜினாக, ஃப்யூல் இன்ஜெக்‌ஷனோடு திட்டமிட்டார்கள். பிறகு கார்புரேட்டருக்கு மாறி, 3 லிட்டராகப் பெரிதாக்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1968-ல் ட்ரையம்பும் ரோவரும் 'பிரிட்டிஷ் லேலண்ட்' என்ற ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டன. ரோவரிடம் ஏற்கெனவே 3.5 லிட்டர் அலுமினிய வி-8 ஒன்று இருந்தது. ஓடி நிரூபித்த என்ஜின். ஆனாலும் ஸ்டேக்குக்கு ட்ரையம்பின் சொந்த என்ஜினே பொருத்தப்பட்டது. 'ரோவர் என்ஜின் ஸ்டேக்குக்குள் நுழையாது' என்று சொல்லப்பட்டதாக ஒரு கதை கார் ரசிகர்களிடையே உண்டு. பின்னாளில் ஸ்டேக் உரிமையாளர்கள் நூற்றுக்கணக்கில் அதே ரோவர் என்ஜினைத் தங்கள் கார்களில் பொருத்திக் காட்டினார்கள் என்பது தனிக்கதை.

ஐந்து நோய்கள்… ஓர் உடம்பு!

'ஸ்டேக்கா? ஓவர்ஹீட் ஆகும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால், ஓவர்ஹீட் என்பது நோயல்ல. காய்ச்சல் மாதிரி, ஓர் அறிகுறி. அதற்குக் காரணம் என்ன என்று தேடிப்போனால், ஒன்றல்ல… ஐந்து!

1. உயரத்தில் உட்கார்ந்த வாட்டர் பம்ப்: என்ஜினுக்குள் கூலன்ட்டைச் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். பல கார்களில் இது என்ஜினின் முன்பக்கம், ஓரளவு தாழ்வாக இருக்கும். ஸ்டேக்கில் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே, மேலே இருக்கிறது. டிராஃபிக்கில் சூடேறி கூலன்ட் கொஞ்சம் வெளியேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மட்டம் குறைந்ததும் முதலில் காய்ந்துபோவது பம்ப்தான். வீட்டுத் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் மோட்டார் வெறும் காற்றை இழுத்துச் சுற்றுமே, அதே கதை. தண்ணீர் சுற்றாது, பம்பும் கெடும். இதுபோக, அந்த பம்பை இயக்கும் பற்சக்கரமும் போதிய உறுதி இல்லாமல் தேய்ந்துபோனது.

2. உள்ளே தங்கிய மணல்: இரும்பை உருக்கி என்ஜின் பிளாக் வார்க்கும்போது, உள்ளே தண்ணீர் ஓடும் பாதைகளுக்காக மணல் அச்சு வைப்பார்கள். வார்த்து முடித்ததும் அந்த மணலை முழுவதும் தட்டி எடுக்க வேண்டும். பல ஸ்டேக் என்ஜின்களில் அந்த வேலை அரைகுறையாக நடந்தது. சரியாக அலசாத கீரையில் மண் கடிபடுவதுபோல, அந்த மணல் கூலன்ட்டோடு சேர்ந்து சுற்றி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொண்டது.

3. இரும்பும் அலுமினியமும்: பிளாக் இரும்பு, அதன் மேல் மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவே தண்ணீர். ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்து, அலுமினியத்தை அரிக்க ஆரம்பித்துவிடும். இதைத் தடுக்கும் மருந்து, ஆன்டி-ஃப்ரீஸ் திரவத்தில் இருக்கும் அரிப்புத் தடுப்பான். ஆண்டு முழுக்க அதை ஊற்றி வைக்க வேண்டும். ஆனால், ஆன்டி-ஃப்ரீஸ் என்றால் பனிக்கால சமாசாரம் என்று நினைத்துப் பழகியவர்கள் அன்றைய பிரிட்டனில் அதிகம். இதன் முக்கியத்துவம் கார் உரிமையாளர்களுக்கும் தெரியவில்லை. டீலர்களில் பலருக்கும் புரியவில்லை. அரித்த அலுமினியம் வெள்ளை மாவாக மாறி, ரேடியேட்டரில் மணலோடு கூட்டுச் சேர்ந்தது.

4. சாய்ந்து நின்ற ஸ்டட்கள்: ஹெட்டை பிளாக்கோடு இறுக்கிப் பிடிப்பவை போல்ட்களும் ஸ்டட்களும். ஸ்டேக்கில் பாதி நேராக நிற்கும். மீதிப் பாதி சாய்வாக நிற்கும். தயாரிப்புச் செலவு குறையும், கேம்ஷாஃப்ட்டைக் கழற்றாமலேயே ஹெட்டை எடுக்கலாம் என்பது கணக்கு. ஆனால், சூடேறி ஆறும்போது எல்லாம் ஒரே மாதிரி விரிந்து சுருங்கவில்லை. ஹெட் பக்கவாட்டில் இழுபட்டது. ஓவர்ஹீட் ஆனால் வளைந்தது, கேஸ்கெட் போனது. சரி, கழற்றி ரிப்பேர் செய்யலாம் என்றால், சாய்ந்த ஸ்டட்கள் அரிப்பில் ஹெட்டோடு ஒட்டிப்போய் அசைய மறுத்தன!

5. தளர்ந்துபோகும் டைமிங் செயின்: பிஸ்டன் மேலே வரும் நேரமும் வால்வு மூடும் நேரமும் ஒத்துப்போக வைப்பது டைமிங் செயின். ஸ்டேக்கின் செயின்கள் 25,000 மைல், அதாவது சுமார் 40,000 கி.மீ. ஓடுவதற்குள்ளேயே தளர்ந்துபோயின. தளர்ந்த செயின் ஒரு பல் தாண்டிவிட்டால் போதும். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு என்ஜினுக்குள் மிச்சம் இருப்பது பழைய இரும்புதான்.

இந்த ஐந்தில் ஒன்று மட்டும் இருந்தால் சமாளித்திருக்கலாம். ஒன்று இன்னொன்றைத் தூண்டிவிட்டதுதான் ஸ்டேக்கின் சோகம். அரிப்பால் ரேடியேட்டர் அடைக்கும். சூடேறும். கூலன்ட் வெளியேறும். பம்ப் காயும். இன்னும் சூடேறும். ஹெட் வளையும்.

முள் சொல்லும் பொய்

இதில் பலரை ஏமாற்றிய விஷயம் ஒன்று உண்டு. பழைய கார்களின் டெம்பரேச்சர் முள் காட்டுவது, சென்ஸாரைச் சுற்றி இருக்கும் கூலன்ட்டின் வெப்பத்தை. கூலன்ட் வெளியேறி, சென்ஸார் வெறும் காற்றில் நின்றால்? முள் சரியாகக் காட்டாது. ஏறிய முள் திடீரென்று இறங்கவும் செய்யலாம். 'அப்பாடா, தணிந்துவிட்டது' என்று ஓட்டுநர் நிம்மதியாக ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் இன்று விவரம் தெரிந்த ஸ்டேக் உரிமையாளர்கள் பலரும் டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்புவதில்லை. கூலன்ட் மட்டம் குறைந்தாலே எச்சரிக்கும் விளக்கு அல்லது அலாரம் ஒன்றைத் தனியாகப் பொருத்திக்கொள்கிறார்கள். சின்னப் பொருள்தான். ஒரு என்ஜினையே காப்பாற்றிவிடும்.

தூக்கி எறிந்தவர்களும் காத்திருந்தவர்களும்

கோளாறுகள் தொடர்கதையானதும் ஸ்டேக்கின் பெயர் கெட்டது. எதிர்பார்ப்போடு போன அமெரிக்கச் சந்தையிலிருந்து 1973-லேயே வெளியேற வேண்டிவந்தது. 1977-ல் தயாரிப்பும் நின்றது. ஏழு ஆண்டுகளில் உருவான கார்கள் சுமார் 26,000 மட்டுமே.

நொந்துபோன உரிமையாளர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ட்ரையம்ப் என்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரோவர் வி-8, ஃபோர்டு வி-6, ட்ரையம்பின் சொந்த ஆறு சிலிண்டர் என்ஜின் என்று கைக்குக் கிடைத்ததைப் பொருத்தினார்கள். கார் ஓடியது. தினசரி வேலைக்கு எடுத்துப்போனவர்களுக்கு அதுதானே முக்கியம்? அன்று ஸ்டேக் ஒரு பழைய கார், அவ்வளவுதான். அதை யாரும் 'கிளாசிக்' என்று கொண்டாடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், இன்னொரு கூட்டம் வேறு கேள்வி கேட்டது. 'எல்லா ஸ்டேக்கும் கெடவில்லையே? சில கார்கள் மட்டும் எப்படி நன்றாக ஓடுகின்றன?'

அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் ரொம்பச் சாதாரணமானது. அந்த கார்களில் ஆண்டு முழுக்க சரியான கூலன்ட் இருந்தது. ஆயில் நேரத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. செயின் தளரும் முன்பே மாற்றப்பட்டிருந்தது. அந்த வி-8 ஒரு மோசமான என்ஜின் என்பதைவிட, கவனக்குறைவைக் கொஞ்சமும் மன்னிக்காத என்ஜின் என்பதே சரி.

பிரிட்டனின் 'ஸ்டேக் ஓனர்ஸ் கிளப்' போன்ற அமைப்புகளும், ஸ்டேக்கை மட்டுமே பார்க்கும் பட்டறைகளும் இந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. கம்பெனி கைவிட்ட பாகங்கள் மறுபடியும் செய்யப்பட்டன. ஒருவர் பட்ட அவஸ்தை, அடுத்தவருக்குப் பாடமானது. விளைவு? இன்று ஒரிஜினல் என்ஜின் இருக்கும் ஸ்டேக்குக்குத்தான் ரசிகர்களிடம் மவுசு. ஒரு காலத்தில் மூலையில் போட்ட என்ஜின்களை இப்போது தேடிப் பிடிக்கிறார்கள்!

பட்டறையில் என்ன நடக்கிறது?

வருடக்கணக்காக ஷெட்டில் தூங்கிய ஒரு ஸ்டேக்கை எழுப்ப வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

அனுபவசாலிகள் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்து பார்க்க மாட்டார்கள். முதலில் ரேடியேட்டர் மூடியையும், ஆயில் ஊற்றும் மூடியையும் திறந்து பார்ப்பார்கள். கூலன்ட் துருப்பிடித்த காவி நிறத்தில் இருக்கிறதா? ஆயில் மூடியின் அடியில் பால் விட்ட காபிபோல குழகுழப்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் இருக்கும். குறைந்த தூரம் மட்டுமே ஓடும் கார்களில் ஈரம் படிந்தும் அந்தக் கறை வரலாம் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில்லை.

அடுத்து, செலவில்லாத சோதனைகள். ஹோஸ் குழாய்கள் உப்பியிருக்கின்றனவா, எங்காவது கசிவு இருக்கிறதா, ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அடுப்பில் சூடேறும் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடுவார்கள். அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலை வந்ததும் அது திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால், குற்றவாளி சிக்கிவிட்டார்! இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் என்ஜின் சூடேறும் என்பதால் அதையும் சரிபார்ப்பார்கள்.

ரேடியேட்டர் மூடியும் முக்கியம். குக்கருக்கு வெயிட் எப்படியோ, கூலிங் சிஸ்டத்துக்கு அந்த மூடி அப்படி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, கூலன்ட் சீக்கிரம் கொதித்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அதன் ரப்பர் காய்ந்துபோயிருந்தால் அழுத்தம் நிற்காது. கூலன்ட் சீக்கிரமே கொதித்து வெளியேறிவிடும். சில நேரம் மொத்தப் பிரச்னையும் அந்தச் சின்ன மூடியோடு முடிந்துவிடும்.

இதிலெல்லாம் தப்பு இல்லையென்றால்தான் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் பக்கம் திரும்பும். எட்டு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் ஒவ்வொன்றாக அளப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைவு என்றால், நடுவில் கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். என்ஜின் ஓடும்போது கூலன்ட்டில் தொடர்ந்து குமிழ்கள் வந்தாலும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஹெட்டைக் கழற்றுவது என்று முடிவானால், அங்கேதான் பொறுமைக்குச் சோதனை. ஒட்டிப்போன ஸ்டட்களில் துருநீக்கும் எண்ணெயை விட்டு நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். சூடாக்குவார்கள், ஆறவிடுவார்கள், மறுபடி எண்ணெய். ஸ்டட்டின் மேல் இரண்டு நட்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, மெதுவாகத் திருகிப் பார்ப்பார்கள். அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பினால், மிருதுவான அலுமினிய ஹெட் பாழ். எதற்குமே அசையாத ஸ்டட்களை வெட்டி எடுப்பதும் உண்டு.

ஹெட் கையில் வந்ததும், அது வளைந்திருக்கிறதா என்று அளந்து, மேற்பரப்பைச் சமன் செய்வார்கள். பிளாக்கை முழுவதும் பிரித்து, பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக்குகளைக் கழற்றி, ரசாயனத் தொட்டியில் ஊறவைத்து அலசுவார்கள். அப்போதுதான், தொழிற்சாலையில் தங்கிப்போன அந்தப் பழைய மணல் துருவோடு சேர்ந்து வெளியே வரும். அரை நூற்றாண்டுக்கு முன்பு யாரோ செய்யாமல் விட்ட ஒரு மணி நேர வேலையை, இன்று வேறு யாரோ செய்து முடிக்கிறார்கள்!

பிறகு புது டைமிங் செயின்கள், அதிகத் திறனுள்ள ரேடியேட்டர், எலெக்ட்ரிக் ஃபேன். சிலர் கூலன்ட் தொட்டியை பம்பைவிட உயரத்துக்கு மாற்றி, பம்ப் ஒருபோதும் காயாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் பழைய பம்பையே நீக்கிவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் வைக்கிறார்கள். கூலன்ட் நிரப்பும்போது உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிடாமல் முழுவதும் வெளியேற்றுவது கடைசி வேலை. இதில் கோட்டைவிட்டால், அத்தனை உழைப்பும் வீண்.

மாற்றுவதா… காப்பாற்றுவதா?

'பழைய என்ஜினுக்கு இத்தனை செலவா? புது என்ஜின் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டுப் போகலாமே' என்று தோன்றுவது இயல்பு. பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் எதிர்கொள்ளும் கேள்விதான் இது.

முடிவெடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை சில. பிளாக் விரிசல் இல்லாமல் இருக்கிறதா? பாகங்கள் கிடைக்கின்றனவா? அந்த என்ஜினைத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், ஒரிஜினலைக் காப்பாற்றுவதுதான் காரின் மதிப்புக்கும் நல்லது. வேறு என்ஜின் பொருத்தினால் எடை மாறும். சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், குளிரூட்டும் அமைப்பு என்று தொட்டது தொட்டதற்கெல்லாம் மாற்றம் வேண்டும். இந்தியாவில் என்றால், ஆர்.டி.ஓ அனுமதி பெற்று ஆர்.சி-யிலும் மாற்ற வேண்டும். பிளாக்கே உடைந்துபோன காருக்கு மாற்று என்ஜின்தான் மறுவாழ்வு என்றால், அதில் வெட்கப்பட ஏதும் இல்லை. எப்படியும், கழற்றிய ஒரிஜினல் என்ஜினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மூலையில் ஒரு ஓரமாகக் கிடக்கட்டும்.

உங்கள் கார் சூடானால்…

ஸ்டேக் கற்றுக்கொடுத்த பாடங்கள் உங்கள் வீட்டு காருக்கும் பொருந்தும்.

* டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட மேலே ஏறினால், முதலில் ஏசி-யை அணையுங்கள். ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். ஆனால், என்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை அது கேபினுக்குள் இழுத்துவிடும்.

* முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்ற ஆசையில்தான் ஹெட் கேஸ்கெட்கள் போகின்றன.

* சூடான என்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். குக்கரில் பிரஷர் இருக்கும்போது மூடியைத் திறப்போமா? முகத்தில் கொதிநீர் பீய்ச்சியடிக்கும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கு மேலும் ஆறவிடுங்கள்.

* கொதிக்கும் என்ஜின் மேலோ உள்ளேயோ பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் வளையலாம், விரிசல் விடலாம்.

* கூலன்ட் மட்டத்தை, என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். அடிக்கடி குறைகிறதென்றால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். ஊற்றிக்கொண்டே இருக்காமல், எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்.

* 'நம்மூரில் பனியா பெய்கிறது, தண்ணீர் போதும்' என்று வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது நம்மிடம் இருக்கும் பழைய பழக்கம். கூலன்ட் பனிக்காக மட்டுமல்ல, அரிப்பைத் தடுக்கவும்தான். கம்பெனி சொன்ன கூலன்ட்டை, சொன்ன இடைவெளியில் மாற்றுங்கள்.

* கூலன்ட்டில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்டது; ஆனால் விஷம். குழந்தைகள், நாய், பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

* காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜினின் முன்பக்கம் கடகடவெனப் புதுச் சத்தம் கேட்டால் அலட்சியம் வேண்டாம். டைமிங் செயின் பேசுகிறதாக இருக்கலாம். பெல்ட் உள்ள கார்களில் அந்தச் சத்தம்கூட வராது; கிலோமீட்டர் கணக்குதான் எச்சரிக்கை.

மீண்டும் அந்தக் கடற்கரைச் சாலை

ஸ்டேக் தயாரிப்பு நின்றபோது, அந்த என்ஜினின் கதை அத்தோடு முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பார்கள். தயாரித்த கம்பெனி இன்று இல்லை. கோவன்ட்ரியின் கேன்லி பகுதியில் இருந்த ட்ரையம்ப் தொழிற்சாலையும் இல்லை. நம்மூர் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டாரும் 1980-களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஆனால், கோடை வந்தால் பிரிட்டனின் கிராமத்துச் சாலைகளில் ஸ்டேக்குகள் இன்றும் கூரையைத் திறந்துகொண்டு கிளம்புகின்றன. கிளம்பும் முன் கூலன்ட் மட்டத்தைப் பார்க்கிறார்கள். ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தை யாராவது ஒழுங்காகச் செய்திருந்தால், அன்று டிராஃபிக்கில் ஆவி பறக்க நின்ற அந்தக் குடும்பமும் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நாளைக் காலை, சாவியைத் திருகும் முன் உங்கள் காரின் பானெட்டையும் ஒருமுறை திறந்து பாருங்களேன்!